ஹென்ட்ரிக்ஸ் வாசித்த அமெரிக்க நாட்டுப்பண்: நாட்டுப்பற்றா, எதிர்ப்பா?

கேள்வி இதுதான்: 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழாவில் கறுப்பின அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் மின் கிட்டாரில் அமெரிக்க நாட்டுப்பண்ணை வாசித்தபோது, இடையிடையே குண்டு வெடிப்பது போலவும் விமானம் தலைகுப்புறப் பாய்வது போலவும் ஒலிகளை எழுப்பினாரே, அவர் தன் நாட்டை அவமதித்தாரா, வியட்நாம் போரை எதிர்த்தாரா, அல்லது நாட்டின் மீதுள்ள பற்றைத்தான் தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னாரா?

கிட்டார் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், நான்கு நிமிடத்துக்கும் குறைவான இந்த வாசிப்பை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. கேட்கக் கேட்க எனக்கு உறுதியாகிவந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலையில் அவர் வாசித்தது இறந்துபோன படைவீரர்களுக்கான இரங்கல். நாட்டை நேசிக்காதவனுக்கு அந்த இரங்கல் தோன்றியிராது. போர் நடந்த விதத்தை ஏற்றுக்கொண்டவனுக்கும் அது தோன்றியிராது. இதற்கான ஆதாரம் வெடிச்சத்தங்களில் இல்லை. அவற்றுக்குப் பிறகு, பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் சில சுரங்களில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் சில செய்திகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்பது. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 1812-இல் தொடங்கிய போரின்போது, 1814 செப்டம்பர் 13, 14 தேதிகளில் பால்டிமோர் துறைமுகத்தைக் காத்துநின்ற மெக்ஹென்றி கோட்டையைப் பிரிட்டிஷ் கடற்படை இரவெல்லாம் குண்டுவீசித் தாக்கியது. சிறைபிடிக்கப்பட்ட ஒருவரை விடுவிக்கத் தூது சென்றிருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வழக்கறிஞர், கப்பலிலிருந்தபடியே அந்தத் தாக்குதலைப் பார்த்தார். விடிந்ததும் கோட்டையின் மேல் கொடி இன்னும் பறக்கிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு தேடிய அந்த நேரத்தின் தவிப்புதான் பாட்டின் முதல் பத்தி. அது ஒரு கேள்வியாகத் தொடங்கிக் கேள்வியாகவே முடிகிறது. ராக்கெட்டுகளின் சிவந்த ஒளியும் ஆகாயத்தில் வெடித்த குண்டுகளும்தான் கொடி அங்கே இருக்கிறது என்பதை இரவு முழுவதும் காட்டிக்கொண்டிருந்தன என்கிறார் கீ. மெட்டு அவருடையது அன்று. லண்டனில் இருந்த ஓர் இசைச் சங்கத்தின் கேளிக்கைப் பாட்டுக்காக ஜான் ஸ்டாஃபோர்டு ஸ்மித் அமைத்த மெட்டு அது. சட்டப்படி அது அமெரிக்காவின் தேசிய கீதமானது 1931-இல்தான்.

இங்கே நம் ஊர்ப்பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லலாம். பாட்டில் வரும் ராக்கெட்டுகள் காங்கிரீவ் ராக்கெட்டுகள். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயர்களுக்கு எதிராகப் பயன்படுத்திய மைசூர் ராக்கெட்டுகளைக் கண்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்து, அந்த வழியில் வில்லியம் காங்கிரீவ் உருவாக்கியவை அவை. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் திணறடித்த ஆயுதத்தின் வாரிசுதான் பால்டிமோர் வானத்தைச் சிவக்க வைத்தது.

ஆக, இந்த நாட்டுப்பண் போர்க்களத்தின் ஒலியையும் ஒளியையும் தன் சொற்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது. விளையாட்டு அரங்குகளில் நெஞ்சில் கைவைத்து அதைப் பாடும்போது அந்தச் சொற்கள் பழகித் தேய்ந்துபோய் வெறும் ஓசையாகக் கடந்துவிடுகின்றன. வாய்ப்பாட்டு இல்லாமல் கிட்டாரில் மட்டும் வாசித்த ஹென்ட்ரிக்ஸ் அந்தச் சொற்களை மீண்டும் கேட்க வைத்தார். நம் நாதஸ்வரக் கலைஞர்கள் ஒரு கீர்த்தனையை வாசிக்கும்போது சாகித்தியம் அறிந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்பதில்லையா, அதைப் போன்றதுதான் இது. அமெரிக்காவில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் எந்தச் சுரத்தில் எந்தச் சொல் விழும் என்பது மனப்பாடம். ராக்கெட் என்ற சொல் விழ வேண்டிய இடம் முடிந்ததும் அவருடைய கிட்டார் ராக்கெட்டாகிறது. குண்டு என்ற சொல்லுக்குப் பின் குண்டாகிறது. தன் விருப்பத்துக்கு எங்கேயோ கொண்டுபோய்ச் செருகிய சத்தம் அங்கே எதுவும் இல்லை. பாட்டு எந்த இடத்தில் போரைச் சொல்கிறதோ, அந்த இடத்தில் மட்டுமே போர் கேட்கிறது.

மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது படத்தைக் காட்டாமல் முதலில் ஒலியை மட்டும் போடுவேன். தொடக்கத்தில் மெட்டு ஏறக்குறைய அப்படியே வருகிறது. சுரங்கள் நேராக நிற்காமல் சற்று வளைந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்கின்றன. கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது விகாரமாகவே படாது. மிட்ச் மிட்சல் தாளக்கட்டு எதற்குள்ளும் நிற்காமல், மெட்டுக்கு அடியில் டிரம்ஸை உருட்டிக்கொண்டே இருக்கிறார். ராக்கெட்டுகள் வரும் வரி முடிந்ததும் மெட்டு அறுந்துபோகிறது. ஒரு சுரம் தொடங்கிய இடத்திலிருந்து அதல பாதாளத்துக்குச் சரிகிறது, ஊளையிட்டுக்கொண்டு மேலே ஏறுகிறது, சைரன் போன்ற ஒன்று கேட்கிறது, அடுக்கடுக்காக வெடிக்கிறது. பிறகு, எதுவுமே நடக்காததுபோல், விட்ட இடத்திலிருந்து மெட்டைத் தெளிவாகத் தொடங்குகிறார். மறுபடியும் குண்டுகளின் வரி, மறுபடியும் அறுபடுதல், மறுபடியும் மெட்டு. ஒவ்வொரு முறையும் அவர் மெட்டுக்குத் திரும்பிவருகிறார் என்பதைக் கேலி என்று சொல்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. கேலி செய்ய வந்தவனுக்கு அந்த மெட்டை இவ்வளவு அக்கறையோடு காப்பாற்றிக் கரைசேர்க்க வேண்டிய தேவை என்ன?

இந்த ஒலிகள் எப்படி வந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை தற்செயலாக வந்த சத்தம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நம் பொதுக்கூட்டங்களில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் காதைக் கிழிக்கும் கீச்சொலி வரும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் நுழைந்து, பெருகி, மறுபடியும் நுழைந்து சுற்றிச் சுற்றி வளர்வதால் ஏற்படுவது அது, ஃபீட்பேக் என்பார்கள். மின் கிட்டாரிலும் ஒலியளவை உச்சத்தில் வைத்து ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்றால் இதே சுழற்சி நடக்கும். தந்தியை மீட்டாமலே சுரம் நின்று ஒலிக்கும். எல்லோருக்கும் தொல்லையாக இருந்த அதை ஹென்ட்ரிக்ஸ் இசைப்பொருளாக்கினார். நிற்கும் இடம், திரும்பும் கோணம், தந்தியைத் தொடும் விரல் ஆகியவற்றால் எந்தச் சுரம் ஊளையிட வேண்டும் என்பதை அவரால் தீர்மானிக்க முடிந்தது. அதோடு, கிட்டாரின் பாலத்தில், அதாவது தந்திகளைத் தாங்கும் பகுதியில், பொருத்திய ட்ரெமலோ கைப்பிடியை அழுத்தினால் எல்லாத் தந்திகளும் ஒருசேரத் தளர்ந்து சுரம் கீழே விழும்; விமானம் குத்திட்டு இறங்குவது போன்ற ஒலி அதனால் வருவது. ஃபஸ் பெட்டியும் வாவா மிதியும் ஒலியின் நிறத்தை மாற்றின. இடக்கையரான அவர் வலக்கையருக்குரிய வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். என் மாணவர்களில் கைத்திறன் மிகுந்தவர்கள் மெட்டை ஒரு வாரத்தில் பிடித்துவிடுவார்கள். அந்தச் சரிவுகளைச் சரியான சுரத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்குத்தான் வருடங்கள் ஆகும். அது நிலைதடுமாறியவரின் கைவேலை அன்று. 1968 முதலே பல மேடைகளில் இந்த நாட்டுப்பண்ணை அவர் வாசித்துவந்தார். 1969 மார்ச்சில் நியூயார்க்கில் ஒலிப்பதிவுக் கூடத்திலும் பதிவுசெய்தார். உட்ஸ்டாக்கில் அது திடீரென்று பிறந்ததாகச் சொல்வது பிழை.

இப்போது நான் முதலில் குறிப்பிட்ட சுரங்களுக்கு வருகிறேன். கொடி இன்னும் அங்கேதான் இருந்தது என்று முடியும் வரியை வாசித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகாமல், ஹென்ட்ரிக்ஸ் வேறொரு மெட்டின் தொடக்கத்தை வாசிக்கிறார். அது டேப்ஸ் எனப்படும் ஊதுகொம்பு மெட்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862-இல் டேனியல் பட்டர்ஃபீல்டு என்ற தளபதியின் முகாமில் உருவம் பெற்ற, 24 சுரங்களே கொண்ட சிறு மெட்டு. ராணுவ முகாம்களில் இரவு விளக்கணைக்கும் வேளைக்கு அதைத்தான் ஊதுவார்கள். படைவீரனைப் புதைக்கும்போதும் அதையே ஊதுவார்கள்; கொடி போர்த்திய சவப்பெட்டிக்கு அருகே, துப்பாக்கி மரியாதை முடிந்த அமைதியில், தனியொரு கொம்பிலிருந்து அது எழும். அமெரிக்கர்களில் அதைத் தெரியாதவர் இல்லை.

வெடிகளை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். வெடிகளுக்குப் பின் வரும் இந்தக் கொம்பொலியை மறந்துவிடுகிறார்கள். வாசிப்பின் பொருள் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குண்டுகள் விழுந்தன; கொடி நின்றது; நின்ற கொடியின் கீழே யார் கிடக்கிறார்கள் என்று கீ எழுதிய முதல் பத்தி சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ஹென்ட்ரிக்ஸ் சவ அடக்கத்தின் மெட்டை வைத்தார். கொடியை அவர் இறக்கவில்லை, எரிக்கவில்லை. கொடிக்காக இறந்தவனை அதன் அருகில் கொண்டுவந்து கிடத்தினார். பிறகு நாட்டுப்பண்ணை விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசிச் சுரம்வரை வாசித்து முடித்தார்.

அந்தக் கொம்பொலி அவருக்கு ஏட்டறிவாக வந்ததன்று. சியாட்டிலில் 1942-இல் பிறந்த அவர், திருட்டு கார்களில் சென்றதற்காக இருமுறை காவல்துறையிடம் பிடிபட்டு, சிறையா ராணுவமா என்ற நிலை வந்தபோது, 1961 மே மாத இறுதியில், 18 வயதில், ராணுவத்தில் சேர்ந்தார். 101-ஆம் வான்வழிப் படைப்பிரிவில், கென்டக்கியின் ஃபோர்ட் கேம்பல் முகாமில், பாராசூட்டில் குதிக்கப் பயிற்சி பெற்றார். நல்ல சிப்பாய் என்று அவரைச் சொல்ல முடியாது. ஓராண்டுக்குச் சற்று மேல் ஆனதும் 1962-இல் படை அவரை விடுவித்துவிட்டது. கணுக்கால் முறிந்ததால் என்று அவர் சொல்லிக்கொண்டதுண்டு. படைக்குப் பொருந்தாதவர் என்பதே ஆவணங்களில் உள்ள காரணம். வியட்நாமுக்கு அவர் அனுப்பப்படவில்லை. ஆனால் அவர் இருந்த படைப்பிரிவு அனுப்பப்பட்டது. உட்ஸ்டாக்குக்கு மூன்றே மாதங்களுக்கு முன், 1969 மே மாதம், வியட்நாமின் ஆ ஷாவ் பள்ளத்தாக்கில் ஹாம்பர்கர் மலை என்று பெயரெடுத்த குன்றைப் பிடிக்க அதே 101-ஆம் பிரிவு பத்து நாட்கள் போரிட்டு, 70-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பலிகொடுத்தது. அப்படிப் பிடித்த குன்றைச் சில வாரங்களிலேயே கைவிட்டுவிட்டு இறங்கியது. அந்த ஆண்டின் ஏப்ரலில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் 5,40,000-க்கும் மேல்.

மேடையில் அவரோடு நின்றவர்களையும் பாருங்கள். பாஸ் கிட்டார் வாசித்த பில்லி காக்ஸ், ஃபோர்ட் கேம்பல் முகாமில் அவருக்கு நண்பரானவர். உடன் கிட்டார் வாசித்த லாரி லீ, வியட்நாமில் பணியாற்றிவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தவர். சீருடை அணிந்து பழகிய மூன்று கறுப்பினத்தவர்கள் அந்த மேடையில் இருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ராணுவத்தின் மேல் வெறுப்புக்கொண்ட ஹிப்பிகளின் ஆரவாரமாக அந்த வாசிப்பைக் கேட்பது எனக்கு இயலாமல் போய்விட்டது.

அந்தக் காலைவேளையும் ஆரவாரத்துக்கு உரியதாக இல்லை. நியூயார்க் மாநிலத்தின் பெத்தேல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் 600 ஏக்கர் நிலத்தில், ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை தொடங்கிய விழாவுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். ஞாயிறு இரவோடு முடிந்திருக்க வேண்டியது, புயல்மழையாலும் தாமதங்களாலும் தள்ளிப்போய்த் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி அளவில்தான் ஹென்ட்ரிக்ஸுக்கு மேடை கிடைத்தது. அதற்குள் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். சில பத்தாயிரம் பேர் சேற்றில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சரம் தொங்கும் வெள்ளைத் தோல்சட்டையும் தலையில் சிவப்புத் துணியுமாக நின்ற அவர், முன்னறிவிப்பு ஏதுமின்றி, வேறொரு பாட்டின் வாலிலிருந்து நேராக நாட்டுப்பண்ணுக்குள் நுழைந்தார். எழுந்து நிற்கும்படி எவரும் எவரையும் கேட்கவில்லை. உலகம் முழுதும் இதைக் கண்டது, 1970-இல் வெளியான உட்ஸ்டாக் ஆவணப்படத்தின் வழியாகத்தான்.

பிறகு ஏன் இத்தனை சர்ச்சை? முன்கதை ஒன்று உண்டு. 1968 அக்டோபரில் டெட்ராய்ட் பேஸ்பால் அரங்கில், போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த பார்வையற்ற பாடகர் ஹோசே ஃபெலிசியானோ, இதே நாட்டுப்பண்ணைத் தன் கிட்டாரோடு மெல்லிய நாட்டார் பாணியில் பாடினார். அதில் வெடியும் இல்லை, ஊளையும் இல்லை. அவ்வளவு இதமான பாட்டு. அதற்கே தொலைக்காட்சி நிலையத்தின் தொலைபேசிகள் கோபக் குரல்களால் நிறைந்தன; பல வானொலி நிலையங்கள் அவர் பாட்டுகளையே நிறுத்திவிட்டன. அடுத்த பத்து நாட்களுக்குள் மெக்சிகோ ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற கறுப்பின அமெரிக்க ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும், இதே பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது, இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி நின்றார்கள். அவர்களை அமெரிக்க அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நாட்டுப்பண்ணைத் தன் குரலில் சொல்லும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் ஒரே அளவில் தரப்படவில்லை என்பதை அந்த ஆண்டு காட்டியிருந்தது. ஒரு கறுப்பினக் கலைஞர் அதைத் தொட்டதே சிலருக்கு எதிர்ப்பாகப் பட்டிருக்கும்.

ஹென்ட்ரிக்ஸ் என்ன சொன்னார் என்பதைக் கடைசியாகப் பார்க்கலாம். 1969 செப்டம்பரில் டிக் கேவெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைப் பற்றிக் கேட்டார்கள். நான் அமெரிக்கன், அதனால் வாசித்தேன். பள்ளியில் அதைப் பாடச் சொல்வார்கள், அந்த நினைவு வந்தது என்ற பொருளில் பதில் சொன்னார். வழக்கத்துக்கு மாறான முறையில் வாசித்ததாகக் கேவெட் குறிப்பிட்டபோது அதை மறுத்து, எனக்கு அது அழகாகப்பட்டது என்றார். இந்தப் பதிலைக் காட்டி, எதிர்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடு. அவர் அழகென்று சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் ஏறக்குறைய அதே நாட்களில் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, இன்று அமெரிக்காவின் காற்று எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வாசிக்கிறோம், அதில் கொஞ்சம் இரைச்சல் கலந்திருக்கிறது என்ற கருத்தையும் அவர் சொன்னார். இரைச்சல் என்று நான் எழுதும் இடத்தில் அவர் சொன்ன சொல் ஸ்டாட்டிக். வானொலியில் அலைவரிசை சரியாகப் பிடிபடாதபோது கரகரக்குமே, அது. நாட்டை நேசிப்பவன்தான் அந்தக் கரகரப்பை உள்ளபடி வாசித்துக் காட்டுவான்.

போரைப் பற்றிய அவருடைய எண்ணமும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1967-இல் ஐரோப்பியப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில், இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் இறங்கிய அமெரிக்கர்களை நினைவூட்டி, வியட்நாமில் அமெரிக்கா இருப்பதை நியாயப்படுத்திப் பேசினார். இரண்டே ஆண்டுகளில் அந்தக் குரல் மாறியிருக்கிறது. மாறாமல் இருந்தது ஒன்றுதான்: அங்கே போய்ச் சாகிறவன் மேல் அவருக்கு இருந்த ஒட்டுதல். அவனை அவர் எக்காலத்திலும் எதிரியாகப் பார்க்கவில்லை.

உட்ஸ்டாக் முடிந்து நான்கரை மாதங்கள் கழித்து, 1970 புத்தாண்டு நாளில், நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அவர் 'மெஷின் கன்' பாட்டை வாசித்த பதிவைத் தேடிக் கேளுங்கள். பக்கத்தில் பாஸ் கிட்டாரோடு நிற்பவர் அதே பில்லி காக்ஸ். வாசிக்கத் தொடங்கும் முன் அந்தப் பாட்டை அவர் படைவீரர்களுக்குக் காணிக்கையாக்குகிறார்: சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் போரிட்டுக்கொண்டிருக்கும் வீரர்கள் எல்லோருக்கும் என்று உள்நாட்டு நகரங்களின் பெயர்களை அடுக்கிவிட்டு, ஆமாம், வியட்நாமில் போரிடும் வீரர்கள் எல்லோருக்கும் என்று சேர்த்துக்கொள்கிறார்.